நடுவில் நின்றுபோன பேச்சு

பீர்க்கன்கரணை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மதியழகனுக்கு அம்மா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை பொன்னி எழுதுகிறாள். இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீயும் கப்பலில் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறாய், அதை நம்பலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷமெல்லாம் நீ பேசினால் குரல் மேலே சாட்டிலைட்டுக்குப் போய் இறங்கி வர ஒரு மூச்சு நேரம் ஆகும், அதனால் பேசி முடித்ததும் சொல்லிட்டேன் என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் அடுத்தவர் பேச வேண்டும் என்று நீதான் பழக்கினாய். இப்போது நான்கு மாதமாக நீயும் சொல்லிட்டேன் என்கிறாய், ஆனால் நான் பக்கத்து வீட்டு ஷீலாவின் நாயைப் பற்றிக் கேலி செய்து முடிப்பதற்குள் சிரித்துவிடுகிறாய். கேட்டால் புது டிஷ் போட்டிருக்காங்கம்மா, இப்ப ஃபாஸ்ட் என்றாய். பொன்னி அவள் முதலாளி, இன்டர்நெட் கேபிள் நடத்தும் தனசிங்கைக் கேட்டாள், அப்படியும் இருக்கலாம் பாப்பா என்றாராம், நானும் சும்மா இருந்தேன். வீடியோவில் முகத்தை மட்டும் காட்டுகிறாய், கழுத்துக்குக் கீழே காட்டுவதில்லை, அதையும் விட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பேசிக்கொண்டிருந்தபோது இங்க கடல் இன்னிக்கு என்று ஆரம்பித்தாய், அதோடு நின்றுபோனது. உடனே நான் அனுப்பிய மெசேஜ் ஒரு டிக்கோடு நின்றது. அதே நேரத்தில் ராஜகீழ்ப்பாக்கத்தில் கால்வாய் தோண்டிய ஜேசிபி தனசிங்கின் கேபிளை அறுத்துவிட்டது. நம் வீட்டில் அந்தக் கேபிள் இல்லை, என் போன் சிம் நெட்டில்தான் ஓடுகிறது. அந்தக் கண்ணாடி நூலுக்குள் வெளிச்சம் எரிந்து அணைந்து எரிந்து அணைந்துதான் நம் பேச்சு போகிறதாம், துண்டு துண்டாக நம்பர் போட்டு. மெசேஜ் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கமிருந்து வந்தது என்று பதில் வர வேண்டும், வந்தால்தான் இரண்டாவது டிக். பொன்னி நூலை ஒட்டி வெளிச்சம் வந்த நேரத்தை நோட்டில் குறித்திருக்கிறாள், மூன்று முப்பத்தெட்டு. எனக்கு இரண்டாவது டிக் விழுந்தது மூன்று நாற்பது. அவள் வீட்டுக்கு வந்து என் போனையும் நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தெருவுக்குப் போகிற கேபிள் அறுந்தது, நாற்பது வீடு. அன்றைக்கும் நீ பாதியில் போனாய். அந்த நாற்பது வீட்டில் ஒன்றில்தான் நீ இருக்கிறாய் என்று அன்றுதான் எனக்குச் சொன்னாள்.

அவள் ஆபீசில் உட்கார்ந்து பில் போடுகிறாள் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். வயர் இழுக்கிறாள் என்றால் நீ கத்துவாய் என்று நான்தான் மறைத்தேன், அது என் தப்பு. அந்தத் தெருவில் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்குப் புது கனெக்‌ஷன் கொடுத்தவளும் அவள்தான். சீட்டில் இருந்த பெயர் ஃபிரெடி. கப்பலில் உன் ரூமில் இருப்பவன் பெயரும் அதுதானே. வாசலில் இரண்டு ஜோடி செருப்பு இருந்தது, உள் அறைக் கதவு சாத்தியிருந்தது, அந்தப் பக்கம் போகாதம்மா என்றானாம். பாக்ஸை மாட்டிவிட்டு வந்திருக்கிறாள். வேற்று மனிதர் வீட்டில் வாயைத் திறக்காத பெண், ஒரு வார்த்தை பேசியிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும்.

வேலை போயிருந்தால் போகட்டும். உடம்பில் ஏதாவது ஆகியிருந்தால் அதை நான் பார்க்க வேண்டும், மறைக்க நீ யார். கைகால் எப்படி இருந்தாலும் என் பிள்ளை. வேளைக்குச் சாப்பிடு, ஃபிரெடியைத் திட்டமாட்டேன் என்று சொல். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

இந்தக் கவரில் தபால்தலை ஒட்டவில்லை, பார்த்திருப்பாய். பொன்னி உன் வாசலில்தான் நிற்கிறாள். இந்த முறை அண்ணா என்று சத்தமாகக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். கூப்பிட்டால் கதவைத் திற.

சொல்லிட்டேன்.

உன் அம்மா
மஹாலட்சுமி