பாக்கு நிறத்தில் ஒரு பிளக்

என் பிரியத்துக்குரிய சம்பந்தம்,

உன் கார் மறுபடியும் ஓடுகிறது. இதை முதலில் சொல்லிவிட்டால், மற்றதைக் கேட்கும்போது உனக்குக் கோபம் கொஞ்சம் குறைவாக வரும்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையானால் இன்னமும் என் காது ஹாரன் சத்தத்துக்குக் காத்திருக்கிறது. விரலில் சாயக்கறையோடு வந்து நிற்பாய். ஆரணி–சேத்துப்பட்டு ரோட்டில் மேடு பள்ளம் இல்லாத இடம் வந்ததும் ஐம்பதில் பிடித்து, மிதியை அசைக்காமல் ஓட்டுவாய்.

"இன்னா வாத்தியாரே, சும்மா ஓடிகினுதானே கீது. இதுக்கு எதுக்கு இவ்ளோ பெட்ரோலு?" என்பாய்.

பால் பொங்கிய பிறகு அடுப்பைத் தணிக்கிறோமே, அது மாதிரி என்று நான் உதாரணம் சொல்வேன். கிளம்பவும் மேடு ஏறவும் பெட்ரோல் தாராளமாக வேண்டும். ஒரே சீராக ஓடும்போது பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினாலும் இன்ஜின் முகம் சுளிக்காது. எவ்வளவு குறைக்கலாம் என்பதில்தான் நமக்கு முப்பது வருஷச் சண்டை.

கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட், கடுகைவிடச் சின்னத் துளை போட்ட பித்தளைத் திருகு. அதில் ஓர் அளவு சிறியதைப் போட்டு ஓட்டிப் பார்ப்போம். ஓட்டத்திலேயே இன்ஜினை அணைத்து ஓரம் கட்டி, சூட்டோடு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் பீங்கானைப் பார்ப்பாய். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு, இன்ஜின் சூடேறிப் போகும். இரண்டுக்கும் நடுவில் சரியான நிறம் எது? மெக்கானிக்குகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பட்டுக்குச் சாயம் போடுகிற உனக்கு அந்தக் குழப்பமே இல்லை. பாக்குக் கலரில் ஒரு துண்டுப் பட்டு நூலைத் தீப்பெட்டியில் வைத்திருந்தாய். பிளக்கோடு சேர்த்துப் பிடித்து, "ரெண்டும் ஒண்ணு வாத்தியாரே, மூடு" என்பாய்.

நீ கண்ணை மூடிய மாதமே அந்த நூலை எடுத்து, காருக்குள் இருக்கும் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டேன். ஓட்டும்போது நீ எதிரில் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

வேலூரில் வேலை பார்க்கும் உன் பெண் வாணி, "வீடு மாறினதும் வந்து எடுத்துக்கறேன் பெரியப்பா, அதுவரைக்கும் ஓட்டி வெச்சிகினு இருங்க" என்று சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள். ஒழுங்காகத்தான் ஓட்டினேன். இரண்டு மாதத்துக்கு முன்பு கை சும்மா இருக்கவில்லை. பிளக்கைக் கழற்றி நூலோடு வைத்துப் பார்த்தேன். நூலைவிட பிளக் கறுப்பாகத் தெரிந்தது. பெட்ரோல் அதிகம் என்று முடிவு கட்டி, சின்ன ஜெட் போட்டேன். போதவில்லை. இன்னும் சின்னது போட்டேன். இரண்டும் ஒன்றாயின. நீ இருந்தால் என் தோளில் தட்டியிருப்பாய் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பத்தே நாளில், தேசூர் போகும் வழியில் கார் திக்கித் திக்கி நின்றது. வால்வு ஒன்று சூட்டில் எரிந்துபோயிருந்தது.

வாணிக்கு போன் செய்து, "பழைய வண்டிம்மா, வால்வு போயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன்; ஜெட் மாற்றியதைச் சொல்லவில்லை. பரீட்சையில் இப்படி எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

"அப்பா அவ்ளோ பாத்துப் பாத்து வெச்சிருந்ததே போச்சுன்னா, வண்டிக்கு வயசாயிடுச்சு பெரியப்பா. பழைய இரும்புக்கு எடுக்கறவரை வரச் சொல்றேன். குடுத்துடலாம்" என்றாள்.

வாணியும் பழைய இரும்புக்காரரும் வருகிற அன்று காலை, காரிலிருந்த உன் சாமான்களை எடுத்து வைக்கப் போனேன். நூலை அவிழ்த்தால், முடிச்சுக்குள் ஒளிந்திருந்த இடம் மட்டும் பாக்கு நிறம். மற்றதெல்லாம் வைக்கோல். ஒரு வருஷ வெயிலை வாங்கியிருக்கிறது. வெளுத்த நூலுக்கு ஒத்துப்போகும்படி உன் இன்ஜினை வெளுக்க வைத்திருக்கிறேன், சம்பந்தம்.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. கார் போயிருக்கும், அதோடு என் தப்பும் போயிருக்கும். வாங்க வந்தவர் காரைச் சுற்றி வந்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வாணி, வண்டிக்கு வயசாகல. கெடுத்தது நான்" என்று நூலை நீட்டினேன்.

அவள் முடிச்சு இருந்த இடத்தையே பார்த்தாள். "கெமிஸ்ட்ரி வாத்தியாரு நீங்க. வெயில்ல சாயம் வெளுக்கும்னு சாயக்காரர் பொண்ணு வந்து சொல்லணுமா?" என்றாள். பிறகு வாங்க வந்தவர் பக்கம் திரும்பி, "அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. வண்டி குடுக்கறதா இல்ல" என்றாள்.

"இன்னாம்மா, அவ்ளோ தூரத்துலருந்து வரவெச்சி பேஜார் பண்றியே!"

"காபி போடறேன், குடிச்சிட்டுப் போங்க."

அவர் போன பிறகுதான் எனக்குத் திட்டு கிடைத்தது. "வால்வு போனதுக்கு இல்ல பெரியப்பா. போன்ல என்கிட்ட அப்படிச் சொன்னீங்களே, அதுக்குத்தான் கோவம்."

வால்வு மாற்றியாகிவிட்டது. நீ கடைசியாகப் போட்டு வைத்த ஜெட்டே திரும்பவும் உள்ளே போயிருக்கிறது. நேற்று வாணி ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரணமல்லூர் வரைக்கும் போனோம். திரும்பும்போது, "அடுத்த வாரமும் வரேன், பிளக்கைக் கழட்டிப் பாக்கலாம். அதுவரைக்கும் பானெட்டைத் திறக்காதீங்க" என்றாள். சாவியை மட்டும் என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

திறக்க மாட்டேன் சம்பந்தம். காரில் ஏதாவது கெட்டுப்போனால், என் கையால் கெட்டது என்றால் முக்கியமாக, அன்றைக்கே முழுசாக அவளிடம் சொல்லிவிடுவேன். உனக்குக் கொடுக்கிற வாக்கு இது.

இப்படிக்கு,
உன் வாணியின் பெரியப்பா,
ஆரணி