செல்லம்மாளின் ரத்தத்தில் கிருமி இல்லை

1943 ஐப்பசி, செவ்வாய். அரியலூர்.

மதராஸ் லேபரட்டரியிலிருந்து இன்று கடிதம் வந்தது. யுத்தத்தில் மலேரியாவுக்கான கொயினா மாத்திரை கிடைக்காமல், நானே காய்ச்சிய நிலவேம்புக் கஷாயத்தைக் கொடுத்து ஐந்து பேரைக் குணமாக்கினேன். மருந்து கொடுக்குமுன் எடுத்த அவர்கள் ரத்தத்தைத்தான் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். மூன்று பேருக்கு மலேரியாவே இல்லையாம். கீழப்பழுவூர் செல்லம்மாளுக்கும் இல்லை. அவள் குளிரில் நடுங்கியதை நான் கண்ணால் பார்த்தேனே! கிருமி இருந்ததென்று அவர்கள் சொன்னால்தான் என் ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கும். யார் தவறு?

கடிதத்தை மடிப்பதற்குள் செல்லம்மாளே வந்துவிட்டாள். தோளில் மகள், காய்ச்சலில் கொதித்தாள்.

"எனக்குக் குடுத்த கஷாயத்தையே இதுக்கும் குடுங்க சார். அதாலதான் நான் பொழச்சேன்."

அலமாரியில் ஆறு கொயினா மாத்திரைதான் மிச்சம். அதை எடுத்துக் கொடுத்தேன்.

"இது வேற மருந்தால்ல இருக்கு?"

"கொழந்தைக்கு இதுதாம்மா நல்லது."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவளும் நம்பி வாங்கிக்கொண்டு போனாள்.

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு சர்க்காருக்கு எழுத இப்போது உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. அந்தக் குழந்தையைப் பார்த்துப் பயந்துவிட்டேனா, என் மருந்தை நானே நம்பவில்லையா, தெரியவில்லை.