இருவரும் எழுதிய ஒரே பெயர்

மாப்ள முனிராஜு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நம் கட்டுரையை ஆய்விதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். உன் பெயர்தான் முதலில். சந்தோஷப்பட வேண்டிய சேதி, எனக்கோ இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இரண்டு கைதிகள், இரண்டு அறைகள். இருவரும் வாய் திறக்காவிட்டால் இருவரும் பிழைப்பார்கள். ஆனால் அடுத்தவன் என்ன செய்தாலும் அவனைக் காட்டிக்கொடுப்பதுதான் தனக்கு லாபம் என்று கணக்குச் சொல்லும். இந்த ஆட்டத்தைக் குவாண்டம் விதிப்படி ஆடினால் என்ன ஆகும் என்பதுதானே நம் கட்டுரை? கைதிகளைப் பிரிப்பதற்கு முன், ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு துகள்களில் ஆளுக்கொன்றைக் கொடுத்துவிட்டால், பழைய ஆட்டத்தில் இல்லாத புது நகர்வு ஒன்று கிடைக்கும். இருவரும் அதை ஆடினால் துரோகத்தில் லாபமே இல்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நீ இதை விளக்கியபோது டீ ஆறிப்போனதுகூட உனக்குத் தெரியவில்லை. "பேசிக்கவே முடியாது மச்சான், ஆனா ரெண்டு பேரு விடையும் ஒட்டிக்கினு நிக்கும்!"

அப்புறம் நம்மையே இரண்டு அறையில் உட்கார வைத்தார்கள். நாம் வேலை பார்த்த கல்லூரியின் விடுதித் தண்ணீரால் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததே, அதைப் பற்றி, கல்லூரியைப் பார்வையிட வந்த ஆய்வுக் குழுவுக்குப் பெயர் போடாமல் எழுதினோமே, அதற்காக. உன்னை முதல்வர் அறையில், என்னைத் தாளாளர் அறையில். ஆளுக்கொரு வெள்ளைத்தாள், இரண்டு அறையிலும் ஒரே பேச்சு. "யார் எழுதினதுன்னு எழுதிக் குடுத்துடுங்க சார். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உனக்கும் இந்தக் கணக்குத் தெரியும், கரும்பலகையில் எத்தனை தடவை போட்டிருக்கிறாய், இந்நேரம் என் பெயரை எழுதி முடித்திருப்பாய் என்று நினைத்தேன். படித்த மடையன்! உன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

உன் தாளோடு வந்து என் தாளை வாங்கிப் பார்த்த முதல்வர் சிரித்தார். "பரவால்லியே, ரெண்டு பேரும் ஒரே பேரத்தான் எழுதியிருக்கீங்க."

நீ உன் பெயரையே எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் தெரியாது என்று கீழே ஒரு வரி வேறு. நாம் ஆராய்ந்த குவாண்டம் ஒட்டுறவும் இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். ஆனால் இந்தப் பொருத்தத்துக்கு என்ன பெயர் வைப்பது, மாப்ள?

சைக்கிள் ஸ்டாண்டில் கேட்டாய், "நீ என்ன எழுதுன மச்சான்?"

"ஒண்ணும் எழுதல."

"அப்பாடா" என்றாய். அதற்கு மேல் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்கு வேலை போயிற்று. பர்கூர்ப் பக்கம் கல்குவாரி ஆபீசில் சேர்ந்தாய். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பைக். அந்த லாரி உன் பைக்கில் மோதிய நேரத்தில் நீ வகுப்பில் அல்லவா நின்றிருக்க வேண்டும்?

ஆய்விதழுக்காகக் கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். ஆடுகிறவர்களுக்கு எல்லா நகர்வுகளையும் அனுமதித்தால் இந்த ஒற்றுமை நிற்குமா? நிற்காது. நாம் சிலவற்றை மட்டும் அனுமதித்ததால்தான் நின்றது. அதை நானே எழுதி அனுப்பினேன். மனுஷனுக்கு எல்லா நகர்வும் திறந்துதானே கிடக்கிறது?

நேற்று உன் வீட்டுக்காரி கீதா போன் பண்ணினாள். "அண்ணா, ஞாயித்துக்கெழம நீங்கதான் பேசணும். அன்னிக்கு காலேஜ்ல நீங்க வாயே தெறக்கலன்னு அவரு சொல்லிச் சொல்லிப் பெருமப்படுவாரு. அத எல்லாருக்கும் சொல்லுங்கண்ணா." நான் "சரிம்மா" என்றேன். சீ, என்ன ஜென்மம் நான்!

இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஞாயிறு காலை உன் படத்துக்கு மாலை போடுவதற்கு முன்னால், கீதாவைத் தனியாகக் கூப்பிட்டு நான் எழுதிய பெயரைச் சொல்லிவிடுவேன். அதன் பிறகும் பேசச் சொன்னால், எல்லார் முன்னாலும் அதையே பேசுவேன். போகச் சொன்னால் போய்விடுவேன்.

ஞாயிறு காலை வரைக்குமாவது கீதாவுக்கு அண்ணனான,
உன் மச்சான்
செல்வம்