பாகிஸ்தானிலிருந்து வந்த கொப்பித் தாள்

என் செல்லத் தங்கச்சி ஜெசிக்கு,

நீ போய்ப் பத்து மாதமாகிறது. உனக்குச் சொல்ல நல்ல செய்தி ஒன்றும் இல்லாததால்தான் இத்தனை நாளும் எழுதவில்லை. இப்போது ஒன்று வந்திருக்கிறது. ராத்திரி வீடு திரும்பும்வரை பொறுக்க முடியாமல், குண்டசாலைச் சந்தியில் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பின் சீட்டில் இருந்து எழுதுகிறேன். சவாரி கேட்டு வந்த இரண்டு பேரை அனுப்பிவிட்டேன்.

உன் கண்களை எடுக்க நான்தான் கையெழுத்துப் போட்டேன். நீ படிப்பித்த பள்ளிக்கூடத்தில் கண்தான அட்டையை நிரப்பி என்னிடம் காட்டிச் சிரித்தாயே, அதை நம்பித்தான் போட்டேன். ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் கேட்க நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. கேட்டால் மறுப்பார் என்று எனக்குத் தெரியும்.

அடக்கத்தன்று அம்மா உன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துச் சவப்பெட்டிக்குள் வைத்தார். மூடும்போது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கண்ணு இல்லாம எம்புள்ள ஆண்டவர எப்புடிடா பாப்பா?" அதோடு பேச்சு நின்றது. சோறு வைப்பார், சட்டை துவைப்பார், வாய் மட்டும் திறக்க மாட்டார். கோயிலிலும் என் பக்கத்தை விட்டு வேறு வாங்கில் போய் உட்காருவார். நீ இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் எங்கள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்துச் சேர்த்து வைத்திருப்பாய்.

போன வாரம் கண்தான அலுவலகத்தில் கூப்பிட்டு ஓர் உறையைத் தந்தார்கள். உன் கண் ஒன்றைப் பெற்றவர் பாகிஸ்தானிலிருந்து அனுப்பியதாம். பெயரையும் ஊரையும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள், அது அவர்கள் வழக்கமாம். உள்ளே கோடு போட்ட ஒரு கொப்பித் தாள். மேலே பெரிதாக ஆங்கிலத்தில் 'ஸீ' என்ற சொல், பார்ப்பது என்கிறோமே அது. கீழே வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. எனக்கு என்ன விளங்கும்?

நேரே அக்குறணைக்கு விட்டேன். நம் வாடிக்கைக்காரர், ஹார்ட்வெயார் கடை நஸீர் நானா, சின்ன வயதில் இந்தியாவில் மதரஸாவில் ஓதியவர். உருது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தாளைப் பார்த்ததும் சிரித்தார்.

"இது கடிதமில்ல தம்பி, ஸ்கூல் பாடம். இங்கிலீஷ் சொல்லு ஒண்ட எழுதி, அதுக்கு உருதுல அர்த்தம், பொறகு வசனம். பொம்புளப் புள்ள, எழுதீக்கிற விதத்துல தெரியுது."

விரல் வைத்து வாசித்தார். முதல் அர்த்தம் 'தேக்னா', பார்ப்பது. நான் கரும்பலகையைப் பார்க்கிறேன். நான் எங்கள் ஆட்டைப் பார்க்கிறேன். நான் அரிசியில் கல்லைப் பார்க்கிறேன். நான் என் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறேன். அந்த வசனத்தில் நானாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது அர்த்தம் 'சமஜ்னா', விளங்குவது. இப்போது எனக்குக் கணக்கு விளங்குகிறது. மூன்றாவது 'மில்னா', சந்திப்பது. அதற்கு ஒரே வசனம்தான். ஒரு நாள் நான் அவரைச் சந்திப்பேன்.

"யாரயாம் நானா?"

"பேரு எழுதல்ல. ஆனா மரியாதையா எழுதீக்கி. உங்கட தங்கச்சியத்தான் தம்பி, வேற யாரு?"

தாளை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். ஆணி கேட்டு நின்றவரை அவர் கவனிக்கவே இல்லை.

ஜெசி, உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்தோம் என்று நான் அழுதுகொண்டிருக்கிறேன். நீயோ அங்கே ஆடு பார்க்கிறாய், கரும்பலகை பார்க்கிறாய். நாவலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி எங்கேயும் போகாதவள், கடல் கடந்து எந்த வீட்டுக்குள் போய் இருக்கிறாய்? இப்படியும் நடக்குமா? சின்னதாக ஒரு கையெழுத்துத்தானே போட்டேன்.

வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பதிலை எதிர்பார்க்காமல், நானா சொன்னதை ஒவ்வொன்றாக வாசித்தேன். அம்மாவின் முகம் என்ற இடத்தில் கை நின்றது.

"அதுக்கு முந்தி அந்தப் புள்ள அம்மா மொகத்தப் பாத்ததே இல்லியா?"

"தெரியலம்மா."

"அந்த அம்மா எப்புடித் தவிச்சிருப்பா."

பத்து மாதத்தில் முதல் பேச்சு அது. பிறகு மறுபடி கீரைதான்.

இன்று காலைப் பூசை முடிந்து, உனக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்க அம்மா கோயில் அலுவலகத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அங்கே இரண்டு கொப்பிகள் உண்டு, உனக்குத் தெரியும். ஒன்று மரித்தவர்களின் ஆத்துமத்துக்காக, மற்றது உயிரோடு இருப்பவர்களின் சுகத்துக்காக. உபதேசியார் முதல் கொப்பியைத் திறந்தார்.

"ஜெசி டீச்சருக்குத்தானே?"

"ஆமாங்க. ரெண்டுலயும் எழுதுங்க."

"அது எப்புடிம்மா? உசுரோட இருக்கவங்களுக்குத்தான் இந்தக் கொப்பி."

"அவ கண்ணு உசுரோட இருக்கு. அது சொகமா இருக்கணும்னு எழுதுங்க."

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எழுதினார். வெளியே வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வண்டிய எடுடா" என்றார். வழியெல்லாம் கண் கலங்கி, பாதை தெரியாமல் ஓட்டிக்கொண்டு போய் அவரை வீட்டில் விட்டேன்.

கண்தான அலுவலகம் வழியாக, பெயர் போடாமல் பதில் அனுப்பலாமாம். நானா உருதுவில் எழுதித் தருவார். உன்னைப் புனிதையாக்கமாட்டேன், உள்ளபடிதான் எழுதுவேன். விடியக் கூப்பிட்டால் எழும்பமாட்டாள், தேத்தண்ணியில் சீனி அள்ளிப் போடுவாள், கோபம் வந்தால் பாட்டுப் பாடுவாள் என்று எல்லாம் எழுதுவேன். உன்னைச் சந்திக்கிற நாளில் அந்தப் பிள்ளைக்கு ஆள் மாறிப்போகக் கூடாது. அதுவரை எழுதிக்கொண்டே இருப்பேன், இது சத்தியம்.

உனக்கும், இப்போது அவளுக்கும்
அண்ணன்