காலுக்கு நேராக ஒரு கோடு

ஜமுனாமரத்தூர்,
மார்ச் 9.

அன்புள்ள ஈஸ்வரி அக்காவுக்கு,

அன்பரசி எழுதுவது. சண்டை போட்டு நீ போன பிறகு அப்பா, வீட்டிலிருக்கும் ஒரே போனான தன் போனிலிருந்து உன் எண்ணை அழித்துவிட்டார். அதனால்தான் வேலூரில் நீ வேலை செய்யும் ஸ்கேன் சென்டர் முகவரிக்கு எழுதுகிறேன்.

போன மாதம் புளி உலுக்கும்போது அப்பா மரத்திலிருந்து விழுந்துவிட்டார். பயப்படாதே, எலும்பு முறியவில்லை. ஆனால் வலது முட்டி பிடிமானமில்லாமல் நழுவுகிறது. டவுனில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். உள்ளே இருக்கும் தசைநார் துண்டு துண்டாகத் தெரிகிறதாம். அறுந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை, முட்டியில் துளை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

துண்டு துண்டாக என்றதும் எனக்கு நம் களி உருண்டைதான் ஞாபகம் வந்தது. ஸ்கேன் எடுக்கும் பரீட்சைக்குப் படிக்கும்போது கேழ்வரகுக் களிக்குள் முருங்கைக்காயைச் சாய்வாகச் செருகி வெட்டுவாயே! கத்தி அதன் போக்கிலேயே போனால் காய் முழு நீளமும் தெரியும். விலகினால் சிறு சிறு துண்டுதான். அம்மா திட்டத் திட்ட வெட்டிய எல்லாத் துண்டையும் தின்று தீர்த்தோம். என்னைப் பாயில் படுக்க வைத்து, ஸ்கேனில் வெட்டு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று முட்டிமேல் பூ கட்டும் நூலை வைத்துக் கோடு பார்ப்பாய். கட்டிலுக்கு நேர் வேறு, காலுக்கு நேர் வேறு என்பாய். கூச்சத்தில் நான் அசைந்தால், முதலில் எடுத்த படத்தை வைத்துப் போட்ட கோடெல்லாம் இனி வீண் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய்.

அப்பாவிடம் அசைந்தீர்களா என்று கேட்டேன். அங்கே கேட்டவரிடம் இல்லை என்று சொன்னவர், என்னிடம் மறைக்கவில்லை. ஸ்கேன் குழாய்க்கு அந்தப் பக்கம், கால் நீட்டும் சுவரில் முருகன் படம் இருந்ததாம்.

"சாமிக்கு நேரா எப்டிம்மா கால நீட்றது? மொதல்ல கவனிக்கல. அப்பறம் கொஞ்சூண்டு திருப்பி வச்சிக்கினேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஈஸ்வரி இருந்திருந்தா கண்டுபிடிச்சி திட்டியிருப்பா" என்றார். ஒரு வருடத்தில் உன் பெயரை அவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வரும் வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வேலூருக்குக் கிளம்புகிறோம். எந்த இடம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ஆனால் நேற்றே வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.

அன்றைக்கு லீவு போட்டுவிடாதே அக்கா. கோடு போடும்போது நீயே இரு. கால் நீட்டும் பக்கம் சாமி படம் ஏதாவது இருந்தால், நாங்கள் வருவதற்குள் எடுத்து வைத்துவிடு.

உன் பழைய நோயாளி,
அன்பரசி