என் தையலறையில் உனக்கென்ன வேலை?

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

கால் எப்படி இருக்கிறது? போன் பண்ணினால் "நல்லா இருக்கேன், வச்சிடு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையையும் உன் தையலறைக்கே கொடுத்துவிட்டேன். ஆறு நாள் மருந்துக்கடையில் நின்றுவிட்டு, ஏழாம் நாள் இங்கே குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு கழன்றுபோச்சு. அம்மா, ஒன்றையாவது முழுசாகத் தைத்து முடித்திருக்கிறாயா? அண்ணனுக்கு ஆரம்பித்த நீலச் சட்டைக்கு ஒரு கைதான் இருக்கிறது. நாலு வயசுக்கு வெட்டிய கவுன் அப்படியே கிடக்கிறது, உன் பேத்தியோ கல்லூரிக்குப் போகிறாள். அந்த ஒட்டுத்துணிப் போர்வை பாதிக்குமேல் இன்னும் டப்பாவில் சதுரம் சதுரமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் மூன்று மூட்டையாகக் கட்டிவிட்டேன். எது வேண்டும் என்று எழுது. பதில் வராவிட்டால் எதுவும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன்.

உன் அன்பு மகள்

மார்ச் 9

மகளுக்கு அம்மா எழுதுவது.

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. என் தையலறையில் உனக்கென்ன வேலை? யாரைக் கேட்டு அலமாரியைத் திறந்தாய்? நான் என்ன செத்தா போய்விட்டேன்? இடுப்பெலும்பு உடைந்து மகன் வீட்டுக்கு வந்தவள் நான். இரண்டே மாதம் என்றுதான் கூட்டிவந்தீர்கள். இப்போது ஐந்தாகிறது.

போனில் எங்கே பேசுவது? நான் வாயைத் திறக்குமுன் உன் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு "அம்மா ஜோரா இருக்காங்க" என்கிறான். ஜோராம்! முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் இங்கே ஒரு ஜன்னலைத் திறக்க மருமகளிடம் கேட்கவேண்டியிருக்கிறது.

மூட்டையை அவிழ். எது எங்கே இருந்ததோ அங்கேயே வை.

அம்மா

மார்ச் 13

அம்மா,

உதவி செய்ய வந்தவளுக்கு நல்ல மரியாதை! கோபம் உனக்கு மட்டும்தானா?

மூன்றாவது மூட்டையில் என்ன இருக்கிறது தெரியுமா? என் முதல் நேர்காணலுக்கு நீ தைத்துத் தருகிறேன் என்ற சாம்பல் நிறக் கோட்டு. காலரும் இல்லை, பொத்தானும் இல்லை. அன்றைக்குத் தோழியின் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். கை இரண்டு அங்குலம் குட்டை. கேள்வி கேட்டவர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையும் கிடைக்கவில்லை. உனக்கு ஆரம்பிக்கத்தான் தெரியும், முடிக்கத் தெரியாது.

அண்ணன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நிம்மதியாக இரேன்.

மகள்

மார்ச் 18

மகளே,

காலர் ஏன் இல்லை என்று நான் சொல்கிறேன், கேள். அதை வெட்டிய அன்றுதான் உன் அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். பத்து நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தேன். "நீ அவன்கூட இரும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னது யார்? நீதான். மறந்துவிட்டது, இல்லையா?

நீலச் சட்டைக்கு இரண்டாவது கை வைக்க உட்கார்ந்தபோது உனக்குப் பிரசவ வலி எடுத்தது. கவுன் வெட்டிய வாரம் உன் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. ஒவ்வொன்றும் எங்கே நின்றதோ, அங்கே உங்களில் யாரோ என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நானும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். போர்வை மட்டும் என் சோம்பல். அதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது சுற்றி வளைக்காமல் ஒரு கேள்விக்குப் பதில் எழுது. வீடு திரும்பப்போகிறவளின் அறையை யாராவது இப்படிக் காலி செய்வார்களா?

அம்மா

மார்ச் 23

அம்மாவுக்கு,

கடையில் வைத்துத்தான் படித்தேன். அப்புறம் ஒருவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுக்க இருந்தேன், நல்லவேளை பார்த்துவிட்டேன். கோட்டு விஷயத்தில் நான் அப்படிச் சொன்னது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

உன் வீட்டை வாடகைக்கு விட அண்ணன் பேசிவிட்டான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர் ஏப்ரல் ஒன்றாம் தேதி குடிவருகிறார். உன்னிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். நானும் தலையாட்டினேன். திட்டு.

ஆனால் அன்றைக்குக் கதவைத் திறந்து உன்னைப் பார்த்தவள் நான் அம்மா. துணி தடுக்கி விழுந்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த அறைத் தரையில் கிடந்திருக்கிறாய். "வந்துட்டியா?" என்று கேட்டாய், ஏதோ பால் வாங்கி வந்தவளைக் கேட்பதுபோல. அதற்குப் பிறகு அந்த அறையைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. ஒவ்வொரு துணியையும் ஆத்திரத்தோடுதான் மூட்டையில் திணித்தேன்.

என்ன செய்யட்டும், சொல்.

மகள்

ஏப்ரல் 3

அன்புள்ள மகளுக்கு,

இதைப் போனிலேயே சொல்லலாம். நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

நீ ஒன்றும் செய்யவேண்டாம். மார்ச் 30 அன்று உன் அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனதும், மேஜையில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, ஊன்றுகோலோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அண்ணன் போனில் கத்தினான். "கத்தி முடிச்சிட்டியா?" என்றேன். அப்புறம், "மருந்தெல்லாம் எடுத்துட்டுப் போனியாம்மா?" என்றான். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அவனிடம் நான்தான் சொன்னேன்.

ஒன்றாம் தேதி அந்தக் கார் வாத்தியார் மெத்தையோடு வாசலில் வந்து நின்றார். பாவம், உன் அண்ணன் அவருக்குத் தகவலே சொல்லவில்லை.

"இந்த வீடு வாடகைக்கு இல்லைங்க."

"உங்க பையன்தாங்க வரச் சொன்னாரு..."

"பையன் சொல்லுவான். வீட்டுக்காரி நான்."

பக்கத்து வீட்டு நர்ஸம்மா அடுத்த தெருவில் காலியாக இருந்த ஒரு வீட்டைக் காட்டி அனுப்பினாள். காலையிலும் மாலையிலும் என்னை எட்டிப் பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறாள்.

நீ பயந்தது எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நானும்தான் பயந்துபோயிருந்தேன். காட்டிக்கொண்டால் நீ அழுவாய் என்றுதான் அப்படிக் கேட்டேன். தையலறைத் தரையில் இப்போது ஒரு நூல்கூட இல்லை. நன்றாகத்தான் பெருக்கியிருக்கிறாய். ஆனால் மூட்டைகளை உட்கார்ந்து அவிழ்த்தது நான்தான். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை, எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. சாவி இருக்கிறதென்று நீயாகத் திறந்துகொண்டு உள்ளே வராதே. மணியை அடித்துவிட்டு நில். இந்தக் காலோடு வாசல்வரை வர நேரம் பிடிக்கும். ஆனால் நானே வந்து திறப்பேன்.

அம்மா