டாக்டர் தம்பி

1966 ஜூன் 27, திங்கள்

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் போன வருஷம் ஒழுகிய இடத்திலேயே இந்த வருஷமும் ஒழுகுகிறது. மெடிக்கல் காலேஜ் லிஸ்ட் புதன்கிழமை ஒட்டுவார்களாம். எனக்கு இது மூன்றாவது லிஸ்ட். மார்க் பத்தவில்லை என்று இன்டர் சயின்ஸைத் திரும்பவும் எழுதிவிட்டு, ஒரு கழுதை மாதிரி மறுபடியும் வாசலில் போய் நிற்கிறேன்.

காலையில் குழாயடியில் பக்கத்து ரூம் சொர்ணம்மாள் சித்தி, "டாக்டர் தம்பி, முழங்காலு குத்துது. என்னன்னு பாரேன்" என்றாள். ரெண்டு வருஷமாக இதே பாட்டு. எல்லாம் அப்பா செய்த வேலை. முதல் தடவை மார்க் வந்த அன்றைக்கே மளிகைக் கடைக்கு வந்தவர்கள் கையிலெல்லாம் கல்கண்டைத் திணித்து, "பய டாக்டருக்குப் போறான்" என்று சொல்லிவிட்டார். ஊருக்கும் சொல்லியாச்சு. தாராவியில் இருக்கிற திருநெல்வேலி ஆட்கள் அத்தனை பேருக்கும் நான் டாக்டர் தம்பி. நம்பிராஜன் என்று ஒரு பேர் வைத்தது வீண்.

அம்மா வெற்றிலையை விட்டு மூன்று மாசம் இருக்கும். எனக்கு சீட் கிடைக்கிற வரைக்கும் வெற்றிலை இல்லை, காரம் இல்லை, கஞ்சி மட்டும்தான் என்று விரதம். பார்வதியம்மாள் வெற்றிலையை விடுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். தூங்கும்போதுகூட புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தவள். எனக்காக விட்டுவிட்டாள். இதுக்கு மேல ஒருத்தன் தலையில என்னத்த ஏத்தணும்?

ஜூன் 29

இல்லை.

ஜூன் 30

நேற்று எழுத முடியவில்லை.

ஷாகுல் ஹமீது கூட வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டவன், இப்போது குர்லாவில் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். கிரீஸ் கையோடு போர்டில் பேர் தேடினான். "மேலேர்ந்து இன்னொரு தடவ பாருல, ஏதாச்சும் விட்டிருப்போம்" என்றான். பார்த்தோம். பின்னால் நின்ற ஒரு பையன் "மிலா, மிலா!" என்று, சீட் கிடைத்த சந்தோஷத்தில் கத்திக்கொண்டு குதித்தான். அவன் அப்பா அழுதார். எனக்கு அந்த மனுஷனை அறையவேண்டும் போல இருந்தது. என்ன புத்தி இது?

ஷாகுல் இரானி டீக்கடையில் வெண்ணெய் தடவிய பன் மஸ்கா வாங்கித் தந்தான். தின்றேன். எல்லாம் போன பிறகும் வயிற்றுக்கு வெட்கமே இல்லை.

அப்பா துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். என் மூஞ்சியைப் பார்த்தார். நிறுத்து முடித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, "பின்னால மூட்ட கெடக்கு, எறக்கி வையி" என்றார். அவ்வளவுதான்.

அம்மா மட்டும் அழுதாள். "தலப்பிரசவத்துக்கு நான் எங்காத்தா வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது ராசா" என்றாள். முதல் வருஷம் இங்கே காலேஜில், நீ பிறந்தது மதராஸ் பக்கமில்லையா, அங்கே போய்க் கேள் என்றார்கள். மதராஸில் கேட்டால், நீ படித்தது பம்பாயில்தானே என்றார்கள். அதை அவள் இன்னும் மனசில் வைத்திருக்கிறாள். இந்த ரெண்டு வருஷமும் போனது என் மார்க்கால்தான். அதைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

ஜூலை 4

வேறு என்ன செய்யலாம்?

மாட்டுங்காவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் போய் நின்று பார்த்தேன். வரிசையாக ஆபீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள். முதுகு வளையாமல் டக டக என்று அடிக்கிறார்கள். சுருக்கெழுத்தும் படித்தால் நல்ல கம்பெனியில் எடுப்பார்களாம். என் விரல் அதுக்குப் போகாது. தவளையைப் பலகையில் குத்தி நிறுத்தி நரம்பு அறாமல் பிரித்த விரல் இது. காலேஜில் அத்தனை பேரும் என் டிஸெக்‌ஷனைப் பார்க்க வந்து நின்றார்கள். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல?

அப்பா: "கடையில உக்காருல. ஒங்கப்பன் இதுலதான ஒன்னப் படிக்க வச்சேன்?"

நியாயம்தான். ஆனால் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் சாகிறவரைக்கும், "டாக்டர் தம்பி, கால் கிலோ உளுந்து" என்றுதானே கேட்பார்கள்.

ஜூலை 9

அம்பர்நாத் போய்வந்தேன். அம்மாவின் தம்பி தளவாய் மாமா அங்கே ஒரு ஃபாக்டரியில் ஃபோர்மேன். "கெமிஸ்ட்ரி படிச்சிருக்கேல்லா, லாபுல ஏத்திவிட்டுருதேன்" என்று பெரிதாகச் சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் என் பேரைக் கேட்டதுமே, "மதராசியா? இங்க உள்ள பசங்களுக்கே எடம் இல்ல" என்று இந்தியில் சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தான். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்காக எனக்குப் பாவமாக இருந்தது.

திரும்பும்போது ரயிலில் வாசலில்தான் நிற்க இடம் கிடைத்தது. டோம்பிவிலியில் ஏறிய கூட்டம் முதுகைத் தள்ளுகிறது. கம்பியை விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு. எழுதக் கூடாது என்று பார்த்தேன். எழுதிவிட்டேன். விடவில்லை. சயானில் இறங்கி நடந்து வந்தேன்.

ஜூலை 16

கிளினிக்கில் சேர்ந்திருக்கிறேன். தாராவி மெயின் ரோட்டில் டாக்டர் கலீலுல்லா. ஷாகுலுக்குத் தூரத்துச் சொந்தம். பாட்டில் கழுவுவது, கம்பவுண்டர் கலக்கின மிக்சரை ஊற்றுவது, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி பாட்டில் ஓரத்தில் ஒட்டுவது. சமையற்கட்டு வரைக்கும் வந்துவிட்டேன், பந்தியில்தான் இலை கிடையாது.

சித்தி ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "டாக்டர் தம்பி ப்ராக்டிஸ் பண்ணுதான்." நான் மறுக்கவில்லை.

ஜூலை 22, ஆடி வெள்ளி

வீட்டில் சண்டை. நான்தான் போட்டேன்.

குழம்பில் காரம் என்கிற பேச்சே இல்லை. தனக்கு விரதம் என்றால் ஊருக்கே விரதமா? "சீட்டுதான் போச்சே, இனி யாருக்கும்மா பட்டினி கெடக்க? என்னக் குத்திக்காட்டத்தானே?" என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, "ஒனக்கு ஒரு நல்ல வழி தொறக்கட்டும்யா" என்றாள். குழறலாக வந்தது. அழுகிறாள் என்று நினைத்து இன்னும் எரிச்சல் வந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜூலை 26

அம்மா இப்போதெல்லாம் பேசுவதே குறைந்துவிட்டது. என் மேல் கோபம் போல.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

நேற்று டாக்டர் கூப்பிட்டு, "உனக்குக் கை சுத்தம், கணக்கும் சுத்தம். கம்பவுண்டர் பரீட்சைக்குப் படி, புத்தகம் நான் தர்றேன்" என்றார். ராத்திரியெல்லாம் யோசித்தேன். சரி, இதுதான் என்று ஒரு முடிவுக்கு வந்து, மாட்டுங்காவுக்குப் போய் லட்டு வாங்கி வந்தேன். விரதம் முடிக்கிறவர்களுக்குப் பிள்ளை கையால் முதல் வாய் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். "வழி தொறந்தாச்சும்மா, இனி ஒழுங்காச் சாப்பிடு, ஆ காட்டு" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் சிரித்துக்கொண்டே மோவாயைப் பிடித்தேன்.

வாய் திறக்கவில்லை. ஒரு விரல் போகிற அளவுக்குத்தான் திறந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அப்புறம் அந்த நாற்றம்.

அப்பாவின் டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தேன். வலது கன்னத்தின் உள்ளே — வேண்டாம். பார்த்தேன். புஸ்தகத்தில் படம் போட்டிருப்பான்.

"எத்தன நாளாம்மா?"

"நீ மொதத் தடவ காலேசுக்கு எழுதிப் போட்டேல்லா, அப்பமே வெள்ளையா ஒரு தடிப்பு இருந்துச்சு. இந்த வருஷம் மொளகு பட்டாலே உசிரு போவுது. அதான் வெத்தலய விட்டேன்."

"அப்ப வெரதம்?"

"வெரதம்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவல்லா."

"ஏம்மா சொல்லல? ஏன் சொல்லல?" — கத்திவிட்டேன். சொர்ணம்மாள் சித்தி கதவைத் தட்டினாள்.

"வேத்து ஆம்பளைட்ட போயி வாயப் பொளந்து காட்டச் சொல்லுதியா? நம்ம பிள்ள டாக்டராயிருவான், அவன்ட்ட காட்டிக்கிடலாம்னு இருந்தேன். இந்த வருஷம் வந்திரும், அடுத்த வருஷம் வந்திரும்னு..."

மூன்று லிஸ்ட். ஒவ்வொன்றிலும் என் பேரை மட்டும்தான் நான் தேடினேன். அவளும் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தவளையின் வாயை முள் குத்தித் திறந்து பார்த்தவன். பெத்தவ வாயப் பாக்கல. ஒரே ரூம்ல இருந்துகிட்டு, அவ வச்ச குழம்பத் தின்னுட்டு, காரம் இல்லன்னு தட்டத் தள்ளிவிட்டவன். நான் டாக்டராம். தூ.

ஆகஸ்ட் 8

டாக்டர் கலீலுல்லா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். பரேல் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அவளை வெளியே உட்கார வைத்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ வீட்டிலதானே தம்பி இருக்கே?"

ஆமாம் சார் என்றேன்.

ஆகஸ்ட் 23

தினமும் பரேல். கரண்ட் வைக்கிறார்கள், ரேடியேஷன். கன்னம் கறுத்துக் கருகிவிட்டது. ஆபரேஷனுக்கு நேரம் தாண்டிவிட்டது என்று பெரிய டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். அம்மா என் மூஞ்சியைப் பார்த்து, "என்ன சொல்லுதாவ?" என்றாள். "சரியாயிரும்னு சொல்லுதாவ" என்றேன். டாக்டர்கள் சொல்கிற பொய்யை மட்டும் படிக்காமலே கற்றுக்கொண்டுவிட்டேன்.

அப்பா இன்று கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம், "டாக்டரு டாக்டருன்னு நான்தான்ல அவளுக்கு அத ஊட்டினேன்" என்றார். நான் அவரைத் தேற்றவில்லை. எனக்கு வரவில்லை.

நவம்பர் 13

தீபாவளி போனது. எங்கள் வரிசையில் எங்கள் ரூமில் மட்டும் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. சித்தி அதிரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமலே போய்விட்டாள்.

அம்மா ஜாடை காட்டி ஒரு வெற்றிலை கேட்டாள். கிள்ளி மூக்கருகே பிடித்தேன். மோந்து பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒவ்வொரு சொல்லாக, "அடுத்த வருஷம்... கெடச்சிரும்" என்றாள்.

கெடச்சிரும்மா என்றேன்.

1967 ஜனவரி 19

காலையில் அம்மா போய்விட்டாள்.

பிப்ரவரி 5

குழம்பு அப்பா வைக்கிறார். காரம் தாங்க முடியவில்லை. கண்ணில் தண்ணி வர வரத் தின்கிறோம்.

ஜூன் 24

ஷாகுல் வந்தான். "காலேஜ்ல ஃபாரம் குடுக்கான்ல. வாங்கியாரவா?" என்றான்.

வேண்டாம் என்றேன்.

"அம்மா ஆசப்பட்டாங்கல்ல?"

"அவ ஆசப்பட்டா, நான் இழுத்தடிச்சேன். இனி யாரையும் காக்க வைக்கமாட்டேன்ல" என்றேன். அவன் எழுந்து போனான். கம்பவுண்டர் பரீட்சை செப்டம்பரில். இதில் பாஸ் பண்ணுவேன் என்று தோன்றுகிறது. சந்தோஷம் ஒன்றும் இல்லை.

ஜூலை 10, திங்கள்

குழாயில் அப்போதுதான் தண்ணி வந்திருந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நீள வரிசை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளினிக்குக் கிளம்பினேன். வரிசையில் நின்ற சொர்ணம்மாள் சித்தி கிட்டே கூப்பிட்டு மெதுவாக, "டாக்டர் தம்பி, கழுத்துல இங்ஙன ஒரு கட்டி. வலியெல்லாம் இல்ல. ஒங்கம்மா போனதுலேர்ந்து ஆசுபத்திரின்னாலே ஈரக்கொல நடுங்குது. நீ படிச்சு முடிச்சிட்டு வா, ஒன்ட்ட காட்டிக்கிடுதேன்" என்றாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. குழாயடி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"சித்தி, நான் டாக்டர் இல்ல! டாக்டருக்குப் படிக்கவும் இல்ல, படிக்கப் போறதும் இல்ல. மூணு தடவயும் எனக்கு எடம் கெடைக்கல. பாட்டில் கழுவுதேன். கேட்டுச்சா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடை வாசலில் அப்பா நின்றிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. விழட்டும்.

"கொடத்த வைங்க. இப்பமே பரேலுக்குப் போறோம். நான் கூட இருப்பேன்."

"தண்ணி போயிருமேய்யா..."

"போனாப் போவுது. வைங்க."

வைத்தாள். பயத்தில்தான் வைத்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தாள். வழியெல்லாம், "அப்ப நீ டாக்டரே இல்லியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சின்னக் கட்டிதான், நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்று அங்கே சொன்னார்கள். வியாழக்கிழமை திரும்பப் போகவேண்டும்.

காலையில் கிளம்பிப் போகும்போது சந்து முக்கில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அப்பா கடையை அப்படியே போட்டுவிட்டு, சித்தியின் குடத்தோடு பொம்பளைகள் வரிசையில் போய் நின்றுகொண்டிருந்தார்.